கலகெதரவில் பேசிய அப்பா

என் அம்மா கால் நூற்றாண்டுக்கும் மேலாக அப்பாவோடு குடும்பம் நடத்தினாள். ஆனால் அவர் பேசி ஒரு சொல்லைக்கூட அவள் கேட்டதில்லை. கைக்குழந்தையாக இருந்தபோதே காய்ச்சலில் அப்பாவுக்குக் காது போய்விட்டது. காது போனதால் பேச்சும் வரவில்லை. குரலே இல்லை என்று சொல்ல முடியாது. சத்தம் போட்டுச் சிரிப்பார். அவர் தும்மினால் பக்கத்து வீட்டு நாய் குரைக்கும். சொல் மட்டும் கிடையாது.

கட்டுகஸ்தோட்டையில், பாலத்துக்குக் கிட்ட ஒரு முஸ்லிம் முதலாளியின் தையல் கடையில் அப்பா வேலை செய்தார். அம்மா ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லய வீடொன்றில் பிறந்தவள். அந்தக் கடைச் சட்டைகளுக்குக் காஜா எடுக்க வந்த இடத்தில் இருவருக்கும் பழக்கமானது. ஒரு சொல்லுக்கு ஒரு கை என்று, அவர்களுக்கென்று ஒரு கைப்பேச்சை அவர்களே உண்டாக்கிக்கொண்டார்கள். எந்தப் பள்ளிக்கூடமும் சொல்லிக்கொடுத்ததல்ல. நானும் தங்கச்சியும் வாயால் பேசுவதற்கு முன்பே கையால் பேசினோம். அரிசி முடிந்துவிட்டது, பஸ் பிந்திவிட்டது, முதலாளி இன்றைக்குக் கோபமாக இருந்தார் என்று எல்லாமே எங்கள் வீட்டில் கையால்தான். சண்டை வந்தால் அம்மா கண்களை இறுக்கி மூடிக்கொள்வாள். அதற்குப் பிறகு அப்பாவால் ஒன்றும் சொல்ல முடியாது. இது நியாயமே இல்லை என்று எங்கள் இருவரிடமும் வந்து முறையிடுவார்.

கொரோனா நோய்க்காலத்தில், ஊர் அடைபட்டுக் கிடந்தபோது, அப்பா மூச்சுத் திணறி ஆஸ்பத்திரிக்குப் போனார். எங்களில் ஒருவரையும் கூடப் போக விடவில்லை. அவர் திரும்பி வரவில்லை. பெட்டியைத் திறந்து முகத்தைப் பார்க்கவும் முடியவில்லை. அந்த நாட்களில் எத்தனையோ வீடுகளில் நடந்ததுதான். ஆனால் அம்மாவுக்கு அதற்குமேல் ஒன்று இருந்தது. "அவரு தண்ணி கேட்டிருந்தாக்கூட அங்க யாருக்கும் வெளங்கியிருக்காதே," என்று சொல்லிச் சொல்லி அழுவாள். அதற்கு என்ன ஆறுதல் சொல்வது என்று எனக்கும் தங்கச்சிக்கும் தெரியவில்லை. கடைசியில் எங்களுக்குள் அப்பாவைப் பற்றிப் பேசுவதையே நிறுத்திவிட்டோம். அது பெரிய பிழை என்று இப்போது தெரிகிறது. துக்கத்தில் இருப்பவள் பேச ஆள் தேடுவாள். வீட்டில் இல்லாவிட்டால் வெளியில் தேடுவாள்.

எங்கள் மாதா கோவில் பங்கைச் சேர்ந்த ஒரு பெண்தான் அம்மாவை முதன்முதலாகக் கலகெதரவுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே குருநாகல் வீதியிலிருந்து உள்ளே இறங்கிப் போனால், மிளகுக் கொடி படர்ந்த ஒரு தோட்டத்தில் பெரிய வீடு. வீட்டுக்குப் பின்னால் ஒரு கரும்பாறை. அந்தப் பாறையில் மாதா தனக்குக் காட்சி கொடுக்கிறாள் என்று அந்த வீட்டுக்காரர் சொல்லிக்கொண்டிருந்தார். முன்பு ஏதோ ஒரு பங்கில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி சொல்லிக்கொடுத்தவராம். சனங்கள் அவரைக் 'காட்சி ஐயா' என்றார்கள். ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை பின்னேரம் அவர் பாறைக்கு முன்னால் முழங்காலில் நின்று, கண்ணை மூடி, மாதா சொல்வதைச் சிங்களத்திலும் தமிழிலும் சொல்வார்.

முதலில் கோவிலைப் பற்றிக் குறையாக ஒன்றும் சொல்லவில்லையாம். கூட்டம் பெருகியதும் பேச்சு மாறியது. மாதா கோவில்களை விட்டு வெளியேறிவிட்டாள் என்றார். சுவாமிமார் வைக்கும் பூசை வெறும் சடங்கு, இனி நற்கருணை இந்தப் பாறையடியில்தான் என்றார். இங்கே போகக்கூடாது என்று ஆயரின் அறிவித்தல் எல்லாக் கோவில்களிலும் வாசிக்கப்பட்டது. பலர் விலகினார்கள். விலகாதவர்கள் தங்களை 'மந்தை' என்று சொல்லிக்கொண்டார்கள். மந்தைப் பெண்கள் போடுவது நீலச் சால்வை. மந்தையில் இல்லாதவர்கள் சமைத்ததை மந்தையில் இருப்பவர்கள் சாப்பிடக்கூடாது.

நானும் ஒரு தடவை போய்ப் பார்த்தேன். ஒரு கள்ளச் சிரிப்புக்காரனை எதிர்பார்த்துப் போன எனக்கு ஏமாற்றம். சுத்தமாகச் சவரம் செய்த, மெலிந்த, நடுத்தர வயது மனிதர். மெதுவாகப் பேசினார். ஒருத்தி தன் கதையைச் சொல்லி முடிக்கும்வரை கண்ணை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். அதுதான் அவருடைய பலம் என்று எனக்குப் பட்டது.

அம்மா முதல் நாளே அவரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். தன் கணவருக்குப் பேச்சு வராது என்றும், ஒரு தடவையாவது அவர் தன் பெயரைச் சொல்லிக் கேட்க ஆசைப்பட்டதாகவும் சொல்லி அழுதிருக்கிறாள். அடுத்த முதல் சனிக்கிழமை காட்சி ஐயா கண்ணை மூடியிருந்தபடியே, "நாவின் கட்டு அவிழ்க்கப்பட்ட ஒரு மனிதர் அன்னையின் பக்கத்தில் நிற்கிறார்," என்றாராம். பிறகு வேறொரு குரலில், கொஞ்சம் கரகரப்பாக, அம்மாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாராம்.

அன்றைக்கு அம்மா வீட்டுக்கு வந்த முகம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. நான் கல்யாணம் முடித்து அதே வீதியில் தனி வீட்டில் இருந்தேன். தங்கச்சி ஓடி வந்து, "அக்கா, அம்மாவைப் பாருங்க," என்று இழுத்துக்கொண்டு போனாள். அம்மா கதிரையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். அப்பா போன பிறகு நாங்கள் பார்க்காத சிரிப்பு.

"அது அந்த மனுசனோட கொரலும்மா," என்றேன்.

சிரிப்பு போய்விட்டது. "ஒனக்கு என்னா தெரியும்? ஒன் புருசன் காலையில எந்திரிச்சதுலருந்து ஒன் பேர கூப்பிட்டுக்கிட்டேதான் இருக்காரு. எனக்கு? இத்தன வருசத்துல ஒரே ஒரு தடவ என் பேர கேட்டேன். அதையும் பொய்யின்னு சொல்ல வர்றியா?"

மாநகர சபைக் கந்தோரில் நாள் முழுவதும் சனங்களுக்குப் பதில் சொல்லுவதுதான் என் வேலை. என் அம்மாவுக்குச் சொல்ல ஒரு பதில் இல்லாமல் எழுந்து வந்தேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் அம்மா போனாள். நீலச் சால்வை வந்தது. ஞாயிற்றுப் பூசை நின்றது. பங்குச் சுவாமி வீட்டுக்கு வந்தபோது உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். என் வீட்டுக்கு வரும்போது தண்ணீர்ப் போத்தலைக் கையோடு கொண்டுவருவாள். என் பிள்ளைக்குத் தன் கையால் ஊட்டிவிடுவாள், ஆனால் அந்தச் சோற்றில் ஒரு பருக்கை தன் வாயில் வைக்கமாட்டாள். எனக்குக் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. என் கணவர், "விடு, கொஞ்ச நாள்ல சரியாகும்," என்றார். சரியாகவில்லை.

தங்கச்சி அப்போது கண்டி டவுனில் ஒரு மருந்துக் கடையில் வேலை செய்தாள். அதே தெருவில் பாத்திரக் கடை வைத்திருந்த இந்துக் குடும்பத்துப் பையனோடு அவளுக்குப் பழக்கம். அப்பா இருந்தபோதே அவருக்கு விஷயம் தெரியும். பையனைக் கடைக்கு வரவழைத்து, கல்யாணச் சட்டைக்கு இப்போதே அளவெடுக்கட்டுமா என்று கையால் கேட்டு அவனை வெட்கப்பட வைத்தவர் அவர். அம்மாவுக்கும் அந்தப் பையனைப் பிடிக்கும்.

ஒரு முதல் சனிக்கிழமை அம்மா திரும்பி வந்து, சால்வையைக்கூடக் கழற்றாமல் எங்கள் இருவரையும் கூப்பிட்டு உட்கார வைத்தாள். முகம் வெளிறிக் கிடந்தது.

"அப்பா ஒண்ணு சொல்லிட்டாரு," என்றாள். "சின்னவளுக்கு இந்தக் கல்யாணம் வேணாமாம். அடுத்த மொத சனிக்கிழம அவள கூட்டிக்கிட்டு வரணுமாம். அங்கயே இருக்கணுமாம்."

அந்தப் பெரிய வீட்டில் ஏற்கெனவே சில பெண்பிள்ளைகள் இருந்தார்கள். மாதாவுக்குக் கொடுக்கப்பட்டவர்கள் என்றார்கள். சமையல், கூட்டல், மிளகு பறித்தல் எல்லாம் அவர்கள்தான். ஒருத்தியிடமும் போன் கிடையாது. தாய் தகப்பன் வந்தால்கூட மற்றவர்களுக்கு முன்னால்தான் பேச வேண்டும்.

நான் கத்த வாயைத் திறந்தேன். தங்கச்சி என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அப்பா என்னன்னு சொன்னாரும்மா? அப்பிடியே சொல்லுங்க."

அம்மா ஒப்புவிப்பதுபோலச் சொன்னாள். "'நம் இளைய மகளை அன்னையின் பாதத்தில் காணிக்கையாக்கு' அப்பிடின்னாரு."

தங்கச்சி அழவில்லை. சண்டை பிடிக்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவள் மாதிரி கேட்டாள்: "காணிக்கைக்கு நீங்க ரெண்டு பேரும் என்னா கை வச்சிருந்தீங்கம்மா?"

அம்மாவின் கை தன்னாலே உயர்ந்தது. உயர்ந்து, பாதியில் நின்றது. அப்படி ஒரு கை இல்லை. அப்பாவும் அம்மாவும் அந்தச் சொல்லைத் தங்களுக்குள் பேசியதே இல்லை. அம்மா தன் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு மடியில் வைத்துக்கொண்டு, "நீங்க போங்க புள்ளைங்களா," என்றாள்.

அந்த மாதத்தில் ஒருநாள் அம்மா சொல்லாமல் கொள்ளாமல் தையல் கடைக்குப் போயிருக்கிறாள். முதலாளிதான் பிறகு எனக்குச் சொன்னார். அவரும் வயதாகித் தளர்ந்துவிட்டார், கடையை மகன்தான் பார்க்கிறார். அம்மா போய் நின்று, "மொதலாளி, தனக்குப் பேச முடியலேன்னு அவரு எப்பவாச்சும் கவலப்பட்டிருக்காரா?" என்று கேட்டிருக்கிறாள்.

"கவலப்பட்டது நாங்க. அவர் இல்ல," என்றிருக்கிறார் முதலாளி. "கடைல ரேடியோ போட்டா நாங்கெல்லாம் தலைய ஆட்டுவோம். எங்களப் பாத்து அவர் சிரிப்பார். பைத்தியகாரனுகள்னு நெனச்சிருப்பார். அவர்ர கை பேசின மாதிரி ஒருத்தர்ர வாயும் இந்தக் கடைல பேசல்ல."

அடுத்த முதல் சனிக்கிழமை காலையில் தங்கச்சியிடம், "கெளம்பு, போவோம்," என்றாள். தங்கச்சி என்னைப் பார்த்தாள். "நானும் வர்றேன்," என்றேன். அம்மா தடுக்கவில்லை. கலகெதர பஸ்ஸில் மூன்று பேரும் நெருக்கி உட்கார்ந்து போனோம். அம்மா என்ன நினைக்கிறாள் என்று எங்களுக்குத் தெரியாது. தங்கச்சி என் காதில், "அங்க என்னை விட்டுட்டு வரச் சொன்னா நான் அம்மாவையும் இழுத்துக்கிட்டு ஓடி வந்துருவேன்," என்றாள். நான் என் கணவருக்கு, எந்த நேரமும் போனைக் கையில் வைத்திருக்கச் சொல்லி வந்திருந்தேன். அவ்வளவுதான் எங்களிடம் இருந்த திட்டம்.

பாறைக்கு முன்னால் தகரக் கூரை போட்ட பந்தல். நீலச் சால்வைகளால் நிறைந்திருந்தது. தமிழர்களும் சிங்களவர்களும் கலந்து உட்கார்ந்திருந்தார்கள். அம்மாவுக்குப் பக்கத்தில் வழக்கமாக உட்காரும் ஒரு சிங்களப் பெண் எங்களுக்கு இடம் விட்டாள். விபத்தில் மகனை இழந்தவள். அவளுக்கும் அந்தப் பாறையடியில் மகனின் குரல் கிடைத்துக்கொண்டிருந்தது. வெள்ளையுடுத்த பெண்பிள்ளைகள் ஓரமாகத் தலைகுனிந்து நின்றார்கள். அவர்களோடு சேர்ந்து நிற்கும்படி ஒருத்தி வந்து தங்கச்சியைக் கூப்பிட்டாள். தங்கச்சி அசையவில்லை.

செபமாலை முடிந்தது. காட்சி ஐயா முழங்காலிட்டார். கண்களை மூடினார். பிறகு மாதாவின் செய்தி வந்தது. அது முடிந்ததும், "நாவின் கட்டு அவிழ்க்கப்பட்டவரின் மனைவி முன்னே வரட்டும். மகளையும் கொண்டுவரட்டும்," என்றார்.

அம்மா எழுந்தாள். தங்கச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு போனாள். நான் பின்னாலேயே போனேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை, ஆனால் யாரும் தடுக்கவுமில்லை.

காட்சி ஐயாவின் தொண்டையிலிருந்து அந்தக் கரகரத்த குரல் வந்தது. அம்மாவின் பெயரைச் சொன்னது. பொய் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. அப்பாவுக்குப் பேச வந்திருந்தால் இப்படித்தான் பேசியிருப்பாரோ என்று ஒரு நிமிடம் நினைத்துவிட்டேன். அம்மா எதில் விழுந்தாள் என்பது அந்த நிமிடத்தில்தான் எனக்குப் புரிந்தது.

"நம் மகளை அன்னையிடம் ஒப்படைத்துவிடு. நான் இங்கே காத்திருக்கிறேன்," என்றது குரல்.

அம்மா தங்கச்சியின் கையை விட்டாள். ஒப்படைக்கத்தான் விடுகிறாள் என்று நினைத்து நான் போனை எடுத்தேன். அவள் கையை விட்டது வேறொன்றுக்கு. தன் இரண்டு கைகளையும் தூக்கி, நெஞ்சுக்கு நேரே கொண்டுவந்து, காட்சி ஐயாவுக்குப் பின்னால் இருந்த வெறும் பாறையைப் பார்த்துக் கையால் கேட்டாள். எங்கள் வீட்டில் ஒவ்வொரு நாளும் பின்னேரம் அப்பா வேலைவிட்டு வந்து செருப்பைக் கழற்றும்போது அவள் கேட்பது. சாப்பிட்டீங்களா? அவ்வளவுதான்.

பாறை பாறையாகவே இருந்தது. காட்சி ஐயாவின் கண்கள் மூடியே இருந்தன. தங்கச்சியின் கை மட்டும் தன்னை அறியாமல் உயர்ந்து, அப்பாவைப் போலவே வயிற்றைத் தட்டிக் காட்டிப் பதில் சொன்னது. இல்லை, நீ? அவள் அதைச் செய்ததுகூட அவளுக்குத் தெரியாது என்று பிறகு சொன்னாள்.

"ஐயா," என்றாள் அம்மா. சத்தமாக, எல்லாருக்கும் கேட்கும்படி. "அவரு அங்க நிக்கிறாருன்னு சொன்னீங்க. நான் இப்ப அவருக்கிட்ட கையால ஒண்ணு கேட்டேன். அவரு பாத்திருப்பாருல்ல? என்னா கேட்டேன்னு அவர சொல்லச் சொல்லுங்க."

காட்சி ஐயா கண்ணைத் திறந்தார். காட்சி நடக்கும்போது அவர் கண் திறந்ததை அதுவரை யாரும் பார்த்ததில்லை என்று பின்னால் சொன்னார்கள்.

"மகளே, அங்கே கைக்குத் தேவையில்லை," என்றார் தன் சொந்தக் குரலில், பொறுமையாக. "அந்தக் குறையை அவர் பூமியிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார்."

"கொறையா?" என்றாள் அம்மா. "எதுங்க கொறை? அந்தக் கையாலதான் என்னைக் கட்டிக்கிறியான்னு கேட்டாரு. அந்தக் கையாலதான் இந்த ரெண்டு புள்ளைங்களுக்கும் பேரு வச்சாரு. என்னை ஏசுனதும் அதாலதான், சமாதானம் சொன்னதும் அதாலதான். ஆண்டவர் அவருக்குக் காதைக் குடுப்பாரு, வாயைக் குடுப்பாரு. அந்தக் கையை எதுக்குங்க புடுங்கப் போறாரு?"

பந்தலில் முணுமுணுப்பு எழுந்தது. சிங்களம் மட்டும் தெரிந்தவர்கள், என்ன சொல்கிறாள் என்று பக்கத்தில் கேட்டார்கள். பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள். காட்சி ஐயா எழுந்து நின்றார். முதல் தடவையாக அவர் குரல் உயர்ந்தது.

"நீ இந்த இடத்தை விட்டுப் போனால் அன்னை முகத்தைத் திருப்பிக்கொள்வாள். உன் கணவர் மறுபடியும் ஊமையாவார்!"

அம்மா அவரைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். கேலிச் சிரிப்பல்ல. நல்ல செய்தி கேட்டவள் சிரிக்கும் சிரிப்பு.

"ஆகட்டுங்க," என்றாள். "அப்பத்தான் எனக்கு அவர அடையாளம் தெரியும்."

சால்வையைக் கழற்றி மடித்து, அவர் முழங்காலிட்டிருந்த பாயின் மேல் வைத்தாள். எறியவில்லை. எங்கள் இருவரையும் பார்த்து, வாயைத் திறக்காமல், போவோம் என்று கையால் சொன்னாள்.

நாங்கள் பந்தலின் நடுவே நடந்தோம். பாதி வழியில் அந்தச் சிங்களப் பெண் எழுந்து அம்மாவின் கையைப் பிடித்தாள். "அக்கே, மமத் எனவா," என்றாள். நானும் வருகிறேன் என்று. அவளும் சால்வையைக் கழற்றினாள். அதற்குப் பிறகு ஒரு தாய் எழுந்து, ஓரமாக நின்ற வெள்ளையுடுத்த பெண்பிள்ளைகளிடம் போய், தன் மகளின் தோளைப் பிடித்து, "வா, வீட்டுக்குப் போவோம்," என்றாள். அந்தப் பிள்ளை ஒரு கணம் காட்சி ஐயாவைப் பார்த்துவிட்டுத் தாயின் பின்னால் வந்தது. இன்னும் சிலர் எழுந்தார்கள். எல்லாரும் எழவில்லை. கூடுதலானவர்கள் உட்கார்ந்துதான் இருந்தார்கள். சிலர் எங்களைச் சபித்தார்கள். ஆனால் வாசலில் நின்ற ஆட்கள் எங்களைத் தடுக்கத் துணியவில்லை. நாங்கள் அவ்வளவு பேர் இருந்தோம்.

பெரிய வீதிக்கு வந்து பஸ் தரிப்பில் நின்றதும் அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சிங்களப் பெண் அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் அழுதார்கள். பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்த பிறகு யாரோ ஒருத்தி மெதுவாக ஒரு மாதா பாட்டைத் தொடங்கினாள். தமிழில் ஒரு வரி, சிங்களத்தில் ஒரு வரியாக எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். கண்டக்டர் முதலில் முறைத்தார். பிறகு கதவுக் கம்பியில் தாளம் போட்டார். எனக்கு அந்தப் பஸ்ஸை மறக்க முடியாது. பிரயாணிகள் எல்லாரும் எங்களைத் திருமண வீட்டுக்குப் போகிறவர்கள் என்று நினைத்திருப்பார்கள்.

கட்டுகஸ்தோட்டையில் இறங்கியதும் அம்மா, "பசிக்குது," என்றாள். முன்னால் தெரிந்த சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்து, எல்லாருக்கும் ரோல்சும் பிளேன்டீயும் சொன்னாள். மந்தையில் சேர்ந்த பிறகு வெளியில் அவள் சாப்பிட்ட முதல் சாப்பாடு. வாய் நிறைய வைத்துக்கொண்டு, "ஒறைப்பு பத்தாது," என்றாள்.

காட்சி ஐயா அடுத்த மாதக் கூட்டத்தில், என் அம்மாவுக்குள் பிசாசு புகுந்துவிட்டது என்று சொன்னாராம். அது பலிக்கவில்லை. வெள்ளையுடுத்த பிள்ளைகளை ஒவ்வொருவராகத் தாய் தகப்பன் வந்து கூட்டிக்கொண்டு போனார்கள். பந்தல் பாதியாகி, பிறகு அதிலும் பாதியாகி, கடைசியில் அவர் தோட்டத்தைப் பூட்டிவிட்டு வேறெங்கோ போய்விட்டார். அங்கேயும் சிலர் அவர் பின்னால் இருக்கிறார்கள் என்று கேள்வி. அந்தச் சிங்களப் பெண் இப்போது எங்கள் வீட்டுக்கு அடிக்கடி வருவாள். ஒருநாள் அவளே சொன்னாள்: "அது என் மகனின் குரல் இல்லை என்று முதல் நாளே எனக்குத் தெரியும். ஆனால் ஒரு குரல் வேண்டியிருந்தது." அம்மா அவளுக்குத் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்து, அவளுடைய மகனைப் பற்றிச் சொல்லச் சொன்னாள். மணிக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

தங்கச்சியின் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை வீட்டு முறைப்படி ஒரு தாலி, எங்கள் கோவிலில் ஓர் ஆசீர்வாதம். கலகெதரவிலிருந்து எங்களோடு பஸ்ஸில் வந்த பெண்கள் எல்லாரும் வந்தார்கள், நீலம் தவிர மற்ற எல்லா நிறத்திலும். தையல் கடை முதலாளி மாப்பிள்ளைக்குச் சட்டை தைத்துக் கொடுத்தார். "இது கூலிக்குத் தச்சதில்ல மகள்," என்று என்னிடம் சொன்னார்.

கல்யாண வேலையாகப் போனபோதுதான் அம்மா பங்குச் சுவாமியோடு மறுபடி பேசினாள். மன்னிப்புக் கேட்பாள் என்று அவர் எதிர்பார்த்திருக்கலாம். அம்மா கேட்டது வேறு.

"சுவாமி, நான் ஏன் அங்க போனேன்னு நீங்க என்கிட்ட கேக்கவே இல்ல. எங்க வீட்டுக்காரரு இந்தக் கோவில்ல கடைசி வாங்குல எத்தன வருசம் ஒக்காந்திருந்தாரு. பிரசங்கத்துல என்னா சொல்றீங்கன்னு அவருக்கு ஒரு நாளாச்சும் வெளங்கியிருக்குமா? அவர மாதிரி இன்னும் எத்தன பேரு இருக்காங்க?"

சுவாமி இளம் வயதுக்காரர். முகம் சிவந்துவிட்டது. சமாளிப்பார் என்று நான் நினைத்தேன். அவர், "நீங்க வந்து சொல்லுவீங்களா?" என்றார்.

அப்படித்தான் ஆரம்பித்தது. கண்டியில் காது கேளாத இளம் பிள்ளைகள் சிலர் கூடும் இடம் ஒன்றை என் கணவர் விசாரித்துச் சொன்னார். அம்மா அங்கே போய் முறையான கைப்பேச்சுக் கற்றுக்கொண்டாள். எங்கள் வீட்டுக் கைப்பேச்சு எங்கள் வீட்டோடு சரி என்று அப்போதுதான் தெரிந்தது. சுவாமியாருக்கு அவள் வைத்திருந்த கை அவர்களிடத்தில் ஆடு என்று அர்த்தமாம். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். அம்மா அதை வீட்டுக்கு வந்து சொல்லித் தானும் சிரித்தாள். விடாமல் போனாள். அவர்களிடம் திட்டு வாங்கித் திருத்திக்கொண்டாள்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் அம்மா பீடத்துக்குப் பக்கத்தில், எல்லாருக்கும் தெரியும்படி நிற்கிறாள். முன் வாங்குகள் இரண்டு காது கேளாதவர்களுக்கு. கலகெதரப் பக்கத்திலிருந்தும் பஸ் ஏறி வருகிறார்கள். போன திருநாளன்று கோவில் நிறைந்திருந்தது. சுவாமி உற்சாகத்தில் பிரசங்கத்தை மழையாகக் கொட்டிக்கொண்டிருந்தார். முன் வாங்கிலிருந்த ஒரு பெரியவர் கையைத் தூக்கி அம்மாவிடம் வேகமாக ஏதோ சொன்னார். அம்மா தலையாட்டிவிட்டு, மைக்கின் பக்கம் திரும்பினாள்.

"சுவாமி, ஒரு நிமிசம். கொஞ்சம் மெதுவா பேசச் சொல்றாரு."

அம்மா ஒரு கணம் யோசித்தாள்.

"காது கேக்குற எங்களுக்கும் அதுதான் நல்லது," என்றாள்.

முதலில் சிரித்தது சுவாமிதான். பிறகு கோவிலே சிரித்தது. அம்மா அந்தச் சிரிப்பையும் கையால் முன் வாங்குக்குச் சொன்னாள். கடைசியாக அவர்களும் சிரித்தார்கள். சுவாமி ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் பிரசங்கத்தை முதலிலிருந்து தொடங்கினார்.